மாடியில் சோலார்: 2 கிலோவாட்டா, 3 கிலோவாட்டா, இல்ல போடாமலே இருக்கலாமா?

திருநகர்க்காரி (மதுரை)

எல்லாருக்கும் வணக்கம். மூணு வாரமா மண்டையைக் குடையிற ஒரு விஷயத்தை இங்க கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு வந்திருக்கேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

சொந்த வீடு, கீழ்த்தளம் மட்டும். மேல மொட்டை மாடி. வீட்ல நான், வீட்டுக்காரர், காலேஜ் படிக்கிற பையன், மாமனார். மாமனாருக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துருச்சு. அதுலருந்து படுத்த படுக்கைதான். போன கோடையில முதுகுல புண்ணு ஆரம்பிச்சதும், அறை குளுமையா இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். ஒரு டன் ஏசி வாங்கிப் போட்டோம். பகல் 11 மணிக்குப் போட்டா சாயங்காலம் 5 வரைக்கும் ஓடும். ராத்திரி எங்க ரூம் ஏசி கொஞ்ச நேரம். அது போக நான் வீட்லயே தையல் வேலை பார்க்கிறேன், மோட்டார் மிஷின் ரெண்டு.

இ.பி. கார்டைப் பார்த்து ரீடிங் எழுதுறேன், எல்லாமே ரெண்டு மாசத்துக்கு:

2024 நவம்பர்-டிசம்பர் 500 யூனிட். 2025 ஜனவரி-பிப்ரவரி 540. மார்ச்-ஏப்ரல் 860. மே-ஜூன் 980. ஜூலை-ஆகஸ்ட் 820. செப்டம்பர்-அக்டோபர் 700.

மே-ஜூனுக்கு வந்த பில் 6,660 ரூபா. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்காரர் ஒண்ணும் பேசல. மாமனாருக்குப் பேச்சு சரியா வராது, ஆனா காது நல்லா கேட்கும். மறுநாள் நான் ரிமோட்டை எடுத்ததும் வேண்டாம்னு கையை ஆட்டினார். அதை என்னால தாங்க முடியல.

சோலார் போடுற ஆள் ஒருத்தர் வந்து மாடியைப் பார்த்தார். 2 கிலோவாட்டுக்கு 1,35,000, 3 கிலோவாட்டுக்கு 1,95,000 சொன்னார். மத்திய அரசு மானியம் 2-க்கு 60,000, 3-க்கு 78,000 கிடைக்குமாம். "மூணாவே போட்டுருங்கம்மா, அதிகபட்ச மானியம் அங்கதான் இருக்கு, அதுக்கப்புறம் கரண்ட் பில்லே வராது"ன்னு சொல்லிட்டுப் போனார். சீட்டு எடுத்த காசு 1,20,000 கையில இருக்கு. கொழுந்தனார், "அதை பேங்க்ல டெபாசிட்டாப் போடுங்க அண்ணி, தகரத்தை வாங்கி மாடியில வெக்காதீங்க"ங்கறார்.

யார் சொல்றது சரி? போட்டவங்க யாராவது உண்மையான கணக்கைச் சொல்லுங்களேன்.

பாளை மாடி (திருநெல்வேலி)

அக்கா, நான் 2022-ல 2 கிலோவாட் போட்டேன். நல்லா ஓடுது. ஆனா முதல் ஏழு மாசம் நான் பட்ட பாடு நீங்க படக்கூடாது, அதனால எழுதுறேன்.

நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட்டுக்கு வருஷச் சராசரியா நாளைக்கு 4 யூனிட்டை ஒட்டி வரணும். அப்ப எனக்கு 8 வரணும். அஞ்சரைக்கு மேல வரவே இல்ல. போட்டுக் கொடுத்தவங்ககிட்ட கேட்டா, "மேகம் சார், மழைக்காலம் சார்"னாங்க. மழைக்காலம் போய் பங்குனி வெயிலும் வந்துருச்சு, அப்பவும் அஞ்சரைதான். ஒரு ஞாயித்துக்கிழமை காலையிலருந்து மாடியிலயே உக்காந்து பார்த்தேன். ரெண்டு மணிக்கு மேல தண்ணித் தொட்டி நிழல் கடைசிப் பேனல்ல ஒரு ஓரமா விழுது. ஓரம்தானேன்னு நெனைக்காதீங்க. பேனல்களை வரிசையா ஒண்ணோட ஒண்ணு கோத்திருப்பாங்க. ஒண்ணுல நிழல் விழுந்தாலே அந்த வரிசையோட வேகமே இறங்கிடும். அந்தப் பேனலைத் தள்ளி வெச்சேன், கூலியும் கம்பியும் சேர்த்து 6,000 ரூபா. அடுத்த வாரமே 8 யூனிட்.

அதனால பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி, காலை 9 மணி, உச்சி, 3 மணி, 4 மணின்னு நாலு தடவை மாடிக்குப் போய் நிழல் எங்க விழுதுன்னு சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சுக்கோங்க. பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தையும் பாருங்க. மார்கழியில சூரியன் தெற்க சாஞ்சு போகும், அப்ப நிழல் இன்னும் நீளும்.

இன்னொண்ணு. போர் தண்ணியில பேனலைக் கழுவாதீங்க. உப்பு வெள்ளையாப் படிஞ்சு போகவே போகாது. எங்களுக்கு ஆத்துத் தண்ணி குழாய்ல வருது, அதுல விடியக்காலம் கண்ணாடி சூடேறும் முன்ன துணி வெச்சுத் துடைப்பேன், பத்து நாளைக்கு ஒரு தரம்.

வருவாய்ப் பிரிவு (பணி ஓய்வு, திருச்சி)

அம்மா, நான் மின்வாரியத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். 31 வருஷம் வீட்டு பில்களோடு வாழ்ந்திருக்கிறேன். உங்கள் ரீடிங்கைப் பார்த்ததும் காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்துவிட்டேன். மாமனார் கையை ஆட்டியதைப் படித்த பிறகு சும்மா இருக்க மனசு வரவில்லை.

"ஒரு யூனிட் என்ன விலை?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் மாநிலத்தில் வீட்டு இணைப்புக்கு ஒரே விலை கிடையாது. 2024 ஜூலைக்குப் பிறகு 2025 வரை நாம் கட்டுவது இப்படி: ரெண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, அடுத்த நூறு 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை போய்விடும்; 101-லிருந்தே 4.70 கணக்கு. அதற்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55. 2025 ஜூலை உயர்வை வீடுகளுக்கு அரசே ஏற்றுக்கொண்டதால் இதில் மாற்றமில்லை.

500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 501 ஓடினால் 2,048. அந்த ஒரே யூனிட்டின் விலை 243 ரூபாய்! நான் வேலையில் இருந்தபோதும் இப்படி ஒரு வரம்பு இருந்தது; அதைத் தாண்டிய வீட்டுக்காரர்கள் கார்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கணக்கு சரிதான் என்று சொல்வேன். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கும்.

பேனல் தரும் யூனிட்டை வீட்டில் ஓடிய யூனிட்டிலிருந்து கழிப்பதால், சோலார் உங்கள் பில்லை மேலிருந்துதான் வெட்டும். முதலில் 10.50 ரூபாய் யூனிட் போகும், பிறகு 9.45, பிறகு 8.40, இப்படியே கீழே இறங்கும். கடைசியில் வெட்டுவது 2.35-ஐயும், ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கும் நூறையும். ஆகவே மாடியில் முதலில் வைக்கும் பேனலும் கடைசியில் வைக்கும் பேனலும் ஒரே வெயிலில் காய்ந்தாலும் ஒரே பணத்தைச் சம்பாதிப்பதில்லை. உங்களுக்கு வந்த ஆள் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

இப்போது உங்கள் வீட்டு எண்களை வைத்துப் பார்ப்போம். நீங்கள் கொடுத்த ஆறு ரீடிங்குக்கும் வருஷ பில் 25,046 ரூபாய் ஆகிறது. 1 கிலோவாட் வருஷத்துக்கு 1,370 யூனிட் தரும் என்று எடுத்துக்கொண்டேன்: பங்குனி சித்திரையில் கூடுதல், ஐப்பசி கார்த்திகையில் குறைவு. மாதவாரியாகக் கழித்துப் பார்த்தால்,

1 கிலோவாட் மட்டும் போட்டால் வருஷ பில் 13,028 ஆகிறது. மிச்சம் சுமார் 12,000.
2 போட்டால் பில் 4,298. அதாவது இரண்டாவது கிலோவாட் கூடுதலாக மிச்சப்படுத்துவது சுமார் 8,700.
3 போட்டால் பில் நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆனால் மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்துவது வெறும் 4,200.

யூனிட் கணக்கில் சொன்னால், முதல் கிலோவாட்டின் ஒவ்வொரு யூனிட்டும் உங்களுக்கு 8 ரூபாய் 77 காசு சம்பாதித்துக் கொடுக்கிறது. இரண்டாவது 6 ரூபாய் 37 காசு. மூன்றாவது 3 ரூபாய் சொச்சம். அதுகூட, ஒரு பில்லில் மிஞ்சிய யூனிட்டை அடுத்த பில்லுக்குக் கொண்டுபோனதாக வைத்துத் தாராளமாகப் போட்ட கணக்கு. வருஷக் கடைசியில் மிஞ்சி நிற்கும் யூனிட்டுக்கு வாரியம் கணக்கு முடிப்பதை நான் இதில் சேர்க்கவில்லை.

இனி முதலீடு. 2 கிலோவாட்: 1,35,000-ல் மானியம் 60,000 போக 75,000. வருஷம் 20,700 மிச்சம் என்றால் மூன்றரை வருஷம் தாண்டியதும் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்குக் கூடுதல் விலை 60,000. மானியமோ 18,000 மட்டும். முதல் இரண்டுக்குத்தான் ஒவ்வொன்றுக்கும் 30,000. ஆக உங்கள் கையிலிருந்து 42,000 போகிறது, வருஷத்துக்கு 4,200 வருகிறது. பத்து வருஷம்! மூன்றையும் சேர்த்து ஒரே கணக்காகக் காட்டினால் நாலே முக்கால் வருஷம் என்று அழகாகத் தெரியும். அந்த ஆள் பொய் சொல்லவில்லை, ஆனால் நல்ல இரண்டின் முதுகில் மூன்றாவதை ஏற்றிவிட்டார்.

கொழுந்தனார் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. 75,000-ஐ 7 சதவீத டெபாசிட்டில் போட்டால் வருஷம் 5,250 வட்டி, முதல் பத்திரமாக இருக்கும். பேனலில் போட்ட முதல் திரும்பி வராது, அது கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரமாகத்தான் வரும். அதையும் கணக்கில் வைத்தே சொல்கிறேன்: வருஷம் இருபதாயிரம் தரும் பொருளுக்கு எதிரில் ஐயாயிரம் நிற்காது. பேனலுக்கு 25 வருஷ உத்தரவாதம் தருகிறார்கள், திறன் வருஷத்துக்கு அரை சதவீதம்போல இறங்கும். இடையில், பேனல் தரும் கரண்டை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரை ஒரு தடவை மாற்ற வேண்டி வரும். அதற்கு வருஷம் இரண்டாயிரம் ஒதுக்கி வையுங்கள். அப்போதும் கணக்கு நிற்கிறது.

என் யோசனை 2 கிலோவாட். ஒரு விதிவிலக்கு உண்டு: கேஸ் அடுப்பை விட்டு இண்டக்‌ஷனுக்கு மாறப்போகிறீர்கள், பையனுக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கப்போகிறீர்கள் என்றால் உங்கள் பில்லின் உயரம் கூடும், மூன்றாவதும் மேல் ஸ்லாபை, அதாவது விலை கூடிய மேல் படியை, வெட்ட ஆரம்பிக்கும். அப்போது 3 சரி.

கணக்குப் புலி அல்ல (தென்காசி)

ஐயா சொன்னது எங்க வீட்டுக்கு அப்படியே பொருந்துது. நானும் மனைவியும் மட்டும். ஏசி கிடையாது. ரெண்டு மாசத்துக்கு 380 யூனிட், பில் 1,081 ரூபா. 1 கிலோவாட்டுக்கு எங்க ஊர்ல 75,000 கேட்டாங்க, மானியம் போக 45,000. கூட்டிக் கழிச்சா வருஷத்துக்கு 5,700 மிச்சமாகும், போட்ட காசு எடுக்க எட்டு வருஷம். எனக்கு வயசு 68. வேண்டாம்னு விட்டுட்டேன். அந்தப் பணத்துல ரெண்டு பழைய ஃபேனை மாத்திட்டு, கரண்ட் கம்மியா இழுக்குற 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேனா வாங்கிப் போட்டேன், எல்.இ.டி. விளக்கு மாத்தினேன். இப்ப 310 யூனிட்தான் ஓடுது. மிச்சப் பணம் பேங்க்ல இருக்கு. பக்கத்து வீட்ல போட்டுட்டாங்கன்னு நாமும் போட வேண்டியதில்ல.

ஒரு சந்தேகம் ஐயா. அரசாங்கம் சோலார் கரண்டை ரெண்டு ரூபா, மூணு ரூபாய்க்கு வாங்குறதா பேப்பர்ல வருது. அப்புறம் ஏன் திருநகர் அக்கா மாதிரி ஆளுங்க பத்து ரூபா கொடுக்கணும்?

வருவாய்ப் பிரிவு (பணி ஓய்வு, திருச்சி)

தென்காசி நண்பர் செய்தது முழுக்கச் சரி. 400-க்குள் இருக்கும் வீட்டுக்கு அரசு தரும் மின்கட்டண மானியமே பெரிய சோலார்.

கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. முப்பது வருஷம் இதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

விலை விழுந்தது உண்மை. 2016-ல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தபோது யூனிட் 7 ரூபாய் 1 காசு. அடுத்த வருஷமே நம் மாநிலம் ஏலம் விட்டது, 3 ரூபாய் 47 காசுக்கு இறங்கியது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு. நான்கே வருஷத்தில் இப்படி ஒரு சரிவு வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் இவையெல்லாம் 25 வருஷ ஒப்பந்தம். இன்றைக்கு விலை இறங்கிவிட்டது என்பதற்காக அன்றைக்குக் கையெழுத்திட்ட விலை இறங்காது.

அதைவிடப் பெரியது, அந்த மலிவான யூனிட் சாயங்காலம் 6 மணிக்கு மறைந்துவிடும். நாம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து விளக்கு, ஃபேன், ஏசி, டிவி எல்லாம் போடுவது அதற்குப் பிறகு. அந்த நேரத்துக்கு அனல் மின் நிலையம் தயாராக இருக்க வேண்டும். பகலில் அதைத் தணித்து வைத்தாலும் அதற்கான நிலைக்கட்டணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். பற்றாக்குறைக்கு மின்சந்தையில் போய் நின்றால், அங்கே உச்சவரம்பே யூனிட்டுக்கு 10 ரூபாய். கோடை இரவுகளில் அந்த உச்சத்தையே தொட்டுவிடும். 2024 மே 2-ஆம் தேதி நம் மாநிலத்தின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த அளவுக்குக் கம்பி, டிரான்ஸ்பார்மர், துணைமின் நிலையம், புயலில் கம்பத்தில் ஏறும் ஆள் எல்லாம் வருஷம் முழுக்க இருக்க வேண்டும். 1.99 ரூபாய் என்பது உற்பத்தி ஆகும் இடத்து விலை, நம் வீட்டுச் சுவிட்சின் விலை அல்ல.

இதோடு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய இணைப்புக்கு இலவச மின்சாரம், எல்லா வீட்டுக்கும் முதல் 100 இலவசம். அரசு மானியம் கொடுக்கிறது. மீதிச் சுமையில் ஒரு பகுதி மேல் ஸ்லாப் ஆட்கள் தலையில் விழுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. என் அப்பா கிணற்று மோட்டாரில் விவசாயம் செய்தவர், அந்த இலவச மின்சாரம் இல்லையென்றால் எங்கள் வீட்டில் நான் படித்திருக்க மாட்டேன். ஆனால் 10 ரூபாய் கொடுக்கிறவர்கள் ஒவ்வொருவராக மாடிக்கு ஏறி சோலார் போட்டு வெளியேறினால், அவர்கள் தாங்கிய பங்கை யார் தாங்குவது என்ற கேள்வி வரத்தான் செய்யும். அது உங்களைப் போன்ற வீட்டுக்காரர்கள் தீர்க்க வேண்டியதில்லை. ஆனாலும் என்றைக்காவது விதிகள் மாறலாம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

கோண்டாவில் (யாழ்ப்பாணம்)

வணக்கம் அக்கா. விதி மாறும் எண்டு ஐயா சொன்னதைப் பாத்தவுடன எழுதோணும் போல கிடந்தது. எங்களுக்கு இஞ்ச அது நடந்தது.

நாங்கள் 2018-ல 5 கிலோவாட் போட்டனாங்கள். எங்கட பாவனை போக மிச்சத்தை மின்சார சபை வாங்கும்: முதல் ஏழு வருசம் யூனிற்றுக்கு 22 ரூபா, பிறகு பதின்மூண்டு வருசம் 15 ரூபா 50 சதம். அந்த நேரம் அது நல்ல விலை. வங்கிக் கடனையும் அதை நம்பித்தான் எடுத்தது.

2022-ல என்ன நடந்தது எண்டு உங்களுக்கும் தெரியும். ரூபா விழுந்தது. ஆகஸ்டில மின்கட்டணம் சராசரியா 75 வீதம் ஏறினது, 2023 பெப்ரவரியில இன்னும் 66 வீதம். புதுசாச் சேர்ற ஆக்களுக்கு 37 ரூபா குடுத்தவை, எங்களுக்கு அதே 22 தான். எண்டாலும் ஒண்டைச் சொல்லோணும்: அந்தக் கட்டண உயர்வில அக்கம்பக்கம் முழுக்கத் தவிச்ச நேரம் எங்கட வீட்டில பில்லுக்குப் பயப்பிடேல்ல. வீட்டுக்குள்ள நாங்கள் பாவிச்ச யூனிற்றின்ர பெறுமதி கட்டணம் ஏற ஏறத் தானா ஏறினது. சபைக்கு வித்த யூனிற்றின்ர பெறுமதிதான் அப்பிடியே நிண்டது.

பிறகு 2025 ஏப்ரல், சித்திரைப் புதுவருசம். நாடு முழுக்க விடுமுறை, தொழிற்சாலை பூட்டு, பாவனை நல்லாக் குறைவு. பகலில வெயில் கொளுத்துது. எல்லாற்ர கூரையில இருந்தும் ஒரே நேரத்தில மின்சாரம் வந்தால் லைன் தாங்காது எண்டு, வீட்டுச் சோலாரை நிப்பாட்டி வைக்கச் சொல்லிச் சபை கேட்டது. நாங்களும் நிப்பாட்டினனாங்கள். அதே வருசம் புது ஆக்களுக்கான விலையையும் குறைச்சுப் போட்டினம். எங்களுக்கு ஏழு வருசம் முடிஞ்சு இப்ப 15.50.

அதால நான் சொல்லிறது, பகலில நீங்களே பாவிக்கிற யூனிற்றைத்தான் உங்கட எண்டு கணக்குப் பாருங்கோ. வெளியில அனுப்பிறது மற்றவை வைக்கிற விலைக்கு. உங்கட மாமாவின்ர ஏசி பதினொண்டில இருந்து அஞ்சு மணி மட்டும் ஓடுது எண்டு எழுதியிருக்கிறியள். தையல் மிசினும் பகலில. அது பெரிய வாய்ப்பு. எங்கட வீட்டில எல்லாரும் பகலில வேலைக்குப் போயிடுவம், சோலார் ஆருக்கோ உழைக்கும்.

திருநகர்க்காரி (மதுரை)

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஐயா எழுதினதை வீட்டுக்காரர்கிட்ட வாசிச்சுக் காட்டினேன். அவர் கால்குலேட்டரை எடுத்து ஒவ்வொரு பில்லையும் தானே போட்டுப் பார்த்தார். சரியா வந்துச்சு. கொழுந்தனாருக்கும் அனுப்பினேன், "மூணு போடுறதா இருந்தாத்தான் நான் வேண்டாம்னு சொல்வேன்"னு இப்ப சொல்றார்.

கோண்டாவில் தம்பி, நீங்க சொன்னதை நான் யோசிக்கவே இல்ல. மாமனார் ஏசி பகல்ல ஓடுறது எங்களுக்குப் பாரம்னு நெனச்சுட்டிருந்தேன்.

இன்னும் மூணு கேள்வி இருக்கு ஐயா. கரண்ட் போனா சோலார்ல வீடு ஓடுமா? எங்க ஏரியாவுல மாசாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க நிறுத்துவாங்க, மாமனார் நெலைமைக்கு அதுதான் பயம். ரெண்டாவது, மானியம் உடனே கழிச்சுக்குவாங்களா? மூணாவது, சர்வீஸ் மாமனார் பேர்ல இருக்கு, அது பிரச்சனையா?

வருவாய்ப் பிரிவு (பணி ஓய்வு, திருச்சி)

முதல் கேள்விக்கு, ஓடாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. லைனோடு இணைத்த சோலார், லைனில் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். கரண்ட் போன நொடியில் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும், வெளியில் எவ்வளவு வெயில் அடித்தாலும். அது கோளாறு இல்லை. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஆளுக்கு உங்கள் மாடியிலிருந்து கரண்ட் போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. என்னோடு வேலை பார்த்தவர்களில் கம்பத்திலிருந்து விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஏற்பாட்டைத் தட்டிவிட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் வகையில் ஓடும். ஆனால் ஏசியை மணிக்கணக்கில் இழுக்கும் அளவுக்குப் பேட்டரி போட்டால் நான் மேலே போட்ட கணக்கு முழுக்க உடைந்துவிடும். உங்களுக்கு வேண்டியது அந்த நாட்களில் மாமனார் அறையில் ஃபேனும் ஒரு விளக்கும். அதற்குச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர், ஒரு பேட்டரி போதும். அதைத் தனிச் செலவாக வையுங்கள், சோலாரோடு கலக்காதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தத்தை முன்னாடியே அறிவித்துவிடுகிறார்கள். அன்று காலையிலேயே அறையைக் குளிரவைத்து, திரையைப் போட்டு, ஈரத்துணியை ஜன்னலில் தொங்கவிடுங்கள். என் தாயாரை நாங்கள் அப்படித்தான் பார்த்துக்கொண்டோம்.

இரண்டாவது, மானியம் முன்கூட்டிக் கழியாது. முழுப் பணத்தையும் நீங்கள் கட்ட வேண்டும். பேனல் போட்டு, மீட்டர் மாற்றி, ஆய்வு முடிந்த பிறகுதான் வங்கிக்கு வரும். உங்களிடம் 1,20,000 இருக்கிறது, 15,000 குறைகிறது. அதற்காகத் தனியாரிடம் வட்டிக்கு வாங்காதீர்கள். மத்திய அரசின் இந்த மானியத் திட்டத்துக்கென்றே அரசு வங்கிகளில் அடமானம் இல்லாத கடன் உண்டு, 2 லட்சம் வரை, வீட்டுக்கடனை ஒட்டிய வட்டிதான். இன்னொன்று, மானியம் வேண்டுமென்றால் இந்தியாவிலேயே செய்த சோலார் செல்லால் ஆன பேனல்தான் போட வேண்டும். விலைப்பட்டியலில் அதை எழுதி வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து சோலார் சாதனங்களுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. உங்களுக்குச் சொன்ன விலை அதற்கு முந்தியதா பிந்தியதா என்று கேளுங்கள்.

மூன்றாவது, சர்வீஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் விண்ணப்பம், மானியமும் அவர் வங்கிக் கணக்குக்குத்தான். மாமனார் பேரில் கணக்கு நடப்பில் இருந்தால் அப்படியே செய்யலாம். இல்லையென்றால் முதலில் பெயர் மாற்றம், அப்புறம்தான் சோலார். அவசரத்தில் வரிசையை மாற்றினால் மானியம் நடுவில் நின்றுவிடும்.

பாளை மாடி (திருநெல்வேலி)

அக்கா, ஐயா சொன்னதோட ஒண்ணு. பின்னாடி ஸ்கூட்டர், இண்டக்‌ஷன்னு வந்தா ஒரு கிலோவாட் கூட்டிக்கலாம்னு இருந்தா, இன்வெர்ட்டரை மட்டும் இப்பவே 3 கிலோவாட்டுக்கு வாங்கிடுங்க, இரும்புச் சட்டத்துக்கு இடமும் விட்டு வைங்க. விலை வித்தியாசம் சில ஆயிரம்தான் இருக்கும். நான் அதைச் செய்யாம விட்டேன், இப்ப கூட்டணும்னா இன்வெர்ட்டரையே மாத்தணும்ங்கறாங்க.

திருநகர்க்காரி (மதுரை)

ஞாயித்துக்கிழமை பையன் காலையிலருந்து மாடியில சாக்பீஸோட இருந்தான். 9 மணிக்கு நிழலே இல்ல. 3 மணிக்கு மேல மேற்கால வீட்டு மாடிப்படிக் கூண்டு நிழல் எங்க மாடியில கால்வாசிக்கு வருது. சோலார்காரர் பேனல் வைக்கலாம்னு கை காட்டிட்டுப் போன இடம் சரியா அதேதான். போட்டோ எடுத்து அனுப்பினேன். கிழக்கு ஓரம் தள்ளி வைக்கிறேன்னு ஒத்துக்கிட்டார். 2 கிலோவாட், 3-க்கான இன்வெர்ட்டர்னு புது விலைப்பட்டியல் கேட்டிருக்கேன், ஜி.எஸ்.டி. 5 சதவீதம்னு தனியா எழுதித் தரச் சொல்லியிருக்கேன்.

மாமனார் பென்ஷன் கணக்கு நடப்புலதான் இருக்கு. கைரேகை வெக்கிறதுக்கு வங்கியிலருந்து வீட்டுக்கே வர்றேன்னு சொல்லியிருக்காங்க, திங்கட்கிழமை. அவர்கிட்ட விவரத்தைச் சொன்னேன். உச்சி வெயில்லதான் கரண்ட் நிறைய வரும், உங்க ஏசி ஓடுறதும் அந்த நேரம்தான் மாமான்னேன். இன்னைக்குப் பதினொரு மணிக்கு நான் ரிமோட்டை எடுத்தப்ப கையை ஆட்டல.